உங்கள் பெரியவர் எந்த ஆண்டு கப்பல் ஏறினார்?

கேள்வி: நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். பர்மாவிலிருந்து சென்னைக்கு வந்து பர்மா பஜாரில் கடை வைத்த ஒரு பெரியவர் அதில் முக்கியமான ஆள். எனக்குப் பர்மாவும் தெரியாது, அங்கிருந்து வந்தவர்கள் பட்ட பாடும் தெரியாது. "போரில் எல்லாவற்றையும் இழந்து ரங்கூனிலிருந்து ஓடி வந்தார்" என்று ஒரு வரி மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். நம்பும்படியான முன்கதையை எப்படித் திரட்டுவது?
— வாசகர், கொளத்தூர்

பதில்: அந்த வரியிலிருந்தே தொடங்கலாம். எந்தப் போர்? ஜப்பான் விமானங்கள் ரங்கூன்மீது குண்டு போட்டது 1941 டிசம்பரில். அதன் பிறகு லட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் மலை வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே வந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். உங்கள் பெரியவர் அவர்களில் ஒருவர் என்றால், பர்மா பஜார் தொடங்கிய 1969 வரை அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று நீங்கள் சொல்லியாக வேண்டும்.

பஜாரில் கடை போட்டவர்கள் பெரும்பாலும் பின்னால் வந்தவர்கள். 1962 மார்ச்சில் ராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்தார். 1963இல் வங்கிகள் அரசுடைமை ஆயின. 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகளை எடுத்துக்கொண்டார்கள். அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. இந்த வரிசையை ஒரு பலசரக்குக் கடைக்காரரின் கண்ணால் பாருங்கள். மார்ச்சில் அதிகாரிகள் வந்து சரக்கைக் கணக்கெடுத்துச் சாவியை வாங்கிக்கொள்கிறார்கள். அவர் பெயர் இருந்த இடத்தில் மக்கள் கடை என்று எண் போட்ட பலகை ஏறுகிறது. கையில் இருக்கும் ரொக்கத்தை வைத்தாவது ஊருக்குப் போய்ப் பிழைத்துக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறார். மே மாதத்தில் அந்த ரொக்கமும் போய்விடுகிறது. இவர் ஓடி வரவில்லை. காகிதங்களுக்காக வரிசையில் நின்று, கப்பலுக்காகக் காத்திருந்து, சுங்கத்தில் சோதனைக்கு ஆளாகி வந்தார். நாவலாசிரியருக்கு வேண்டியதெல்லாம் அந்தக் காத்திருப்பில்தான் கிடைக்கும்.

அடுத்தது வயது. 1964இல் அவருக்கு 22 என்றால் பிறந்தது 1942, எல்லோரும் நடந்துகொண்டிருந்த அதே ஆண்டு. அப்படியானால் அவர் வீட்டார் ஏன் நடக்கவில்லை? தாய் நிறைமாதமாக இருந்தாளா? ஐராவதி ஆற்று டெல்டாப் பக்கம் ஏதோ கிராமத்தில் ஒதுங்கிவிட்டார்களா? நம் ஊரை அதற்கு முன் பார்த்தே இராத ஒருவரைச் சர்க்கார் தாயகம் திரும்பியவர் என்று பதிவு செய்து இறக்கிவிட்டது. 22 வயதில் அது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை எழுதினாலே பாதி நாவல் வந்துவிடும்.

இறங்கிய ஊரையும் கவனியுங்கள். அப்போது இது சென்னை மாநிலம்; தமிழ்நாடு என்று பெயர் மாறியது 1969இல். முதலமைச்சர் பக்தவத்சலம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் அழித்தது. 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம். இவற்றோடு அரிசித் தட்டுப்பாடு வேறு. ஐராவதி டெல்டாவில் பர்மா அரிசியைக் குவியல் குவியலாகப் பார்த்து வளர்ந்தவர், சென்னைக்கு வந்து ரேஷன் கடை வாசலில் பையோடு நிற்கிறார். கன்னிமாரா நூலகத்தில் அந்த ஆண்டுகளின் நாளிதழ்களைக் கேட்டு வாங்கி, தலைப்புச் செய்தியை விட்டுவிட்டு விளம்பரங்களையும் கடிதங்களையும் படியுங்கள். எழும்பூரில் ஆவணக் காப்பகம் இருக்கிறது, தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. இரண்டுக்கும் போங்கள்.

பெயர்களில் எச்சரிக்கையாக இருங்கள். ரங்கூன் யாங்கூன் ஆனது 1989இல். உங்கள் பெரியவர் சாகும்வரை ரங்கூன், மொகல் தெரு, ஸ்காட் மார்க்கெட் என்றுதான் சொல்லுவார்.

அப்புறம் மனிதர்கள். நான் பெரம்பூரில் வளர்ந்தவள். வியாசர்பாடியில் பர்மாக்காரர்கள் வீடுகளுக்குச் சின்ன வயதிலிருந்தே போய் வந்திருக்கிறேன். "என்ன கஷ்டப்பட்டீர்கள்?" என்று கேட்டால் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்லுவார்கள், பலமுறை சொல்லிச் சொல்லி அது வழவழப்பாகியிருக்கும். பெட்டியில் என்ன இருந்தது, முதல் வாடகை எவ்வளவு, பள்ளிக்கூடத்தில் எந்த வகுப்பில் உட்காரவைத்தார்கள் என்று கேளுங்கள். ஒரு பாட்டி எனக்கு ஒரு வட்டக் கல்லைக் காட்டினார். பர்மாவில் பெண்கள் முகத்தில் பூசும் தனகாக் கட்டையை அதில்தான் தண்ணீர் விட்டு, நாம் சந்தனம் அரைப்பதுபோல அரைப்பார்கள். நகையைச் சுங்கத்தில் வைத்துக்கொண்டார்களாம், இந்தக் கல்லை யாரும் சீண்டவில்லையாம். ஓரத்தில் சின்னதாக ஒரு விள்ளல். நடுப்பகுதி தேய்ந்து குழியாகிவிட்டது. இங்கே வந்தபின் கட்டை கிடைக்காமல் அதில் மஞ்சள் அரைத்தேன் என்றார். இதை எந்த நூலகமும் தராது.

கேள்வி: அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடைக் காட்சி ஒன்று வைத்தால் பர்மா வாசனை வந்துவிடாதா?
— அதே வாசகர்

பதில்: வாசனை வரும், ஆனால் அது சென்னை வாசனை. பீச் ஸ்டேஷன் பக்கம் நின்று சாப்பிடும் அத்தோவும் வாழைத்தண்டு சூப்பும் பூண்டு வெங்காயம் திணித்த முட்டையும் இந்த ஊர் நாக்குக்கு ஏற்ப மாறி வந்தவை. எனக்கும் அவை ரொம்பப் பிடிக்கும். ஆனால் உங்கள் பெரியவரின் வீட்டு அடுப்படிக்குப் போங்கள். பர்மியச் சமையலில் ங்கபி என்று நொதித்த மீன் விழுது உண்டு, வாடை தெருவுக்கே எட்டும். வாடகை வீட்டில் அதை எப்படிச் சமைத்தார், பக்கத்து வீட்டார் என்ன சொன்னார்கள்? அங்கே தொடங்குங்கள்.

கேள்வி: அவருக்கு ஒரு தம்பி இருப்பதாக யோசித்திருக்கிறேன். ஆனால் அவனுக்கு என்ன கதை கொடுப்பது என்று தெரியவில்லை.
— அதே வாசகர்

பதில்: அவனை மோரேவுக்கு அனுப்புங்கள். சென்னையில் வந்து இறங்கியவர்களில் சிலர் இங்கே ஒட்ட முடியாமல், நிலவழியாகப் பர்மாவுக்கே திரும்பிப் போய்விடலாம் என்று மணிப்பூர் எல்லைவரை போனார்கள். அந்தப் பக்கம் விடவில்லை. எல்லையிலேயே, மோரே என்ற ஊரில் தங்கிவிட்டார்கள். இன்றும் அங்கே தமிழர்கள் இருக்கிறார்கள், அங்காளபரமேசுவரி கோவில் கட்டியிருக்கிறார்கள். அண்ணன் பீச் ஸ்டேஷன் எதிரே கடையில், தம்பி பர்மா கண்ணுக்குத் தெரியும் தூரத்தில். இருவருக்கும் இடையே போகும் கடிதங்களை எழுதிப் பாருங்கள். நாவலில் சேர்க்காவிட்டாலும் பரவாயில்லை, அவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.