40 கெஜ ஓட்டத்தை எவ்வளவு நம்பலாம்? என்எஃப்எல் டிராஃப்ட், பேஸ்பால் கணிப்பு: கேள்வி பதில்

கேள்வி: சார், என்எஃப்எல் (அமெரிக்க கால்பந்து லீக்) அணிகள் கல்லூரிப் பசங்களை முறைவெச்சு எடுக்கறதுதானே டிராஃப்ட். அதுக்கு முன்னாடி நடக்கற கம்பைன் உடல்திறன் சோதனைல ஒரு பையன் 40 கெஜத்தை 4.3 விநாடிக்குள்ள ஓடிட்டா மறுநாளே எல்லா மாக் டிராஃப்ட்லயும் (யாரை யார் எடுப்பாங்கங்கற கணிப்புப் பட்டியல்) 15 இடம் ஏறிடறான். அந்த ஓட்டத்துக்கு அவ்வளவு மதிப்பு இருக்கா?

பதில்: தனியாக எடுத்தால் இல்லை. 2017-ல் ஜான் ராஸ் 40 கெஜத்தை 4.22 விநாடியில் ஓடி அன்றைய சாதனையை முறியடித்தார். சின்சினாட்டி பெங்கால்ஸ் 9-ஆவது பிக்கில் (தேர்வு முறையில்) அவரை எடுத்தது. அங்கே ஒரு சீசனில்கூட அவர் 600 கெஜம் ரிசீவிங் (எறிந்த பந்தைப் பிடித்து முன்னேறிய தூரம்) எட்டவில்லை. அவருக்கு அடுத்த பிக் யார் தெரியுமா? நட்சத்திர குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) பேட்ரிக் மஹோம்ஸ். 2024-ல் ஸேவியர் வொர்தி 4.21 ஓடி அந்தச் சாதனையையும் உடைத்தார். போனது 28-ஆவது பிக்கில். அணிகளுக்கும் கொஞ்சம் புத்தி வந்திருக்கிறது.

நேரத்தை எடையோடு சேர்த்துப் பாருங்கள். ரன்னிங் பேக்குக்கு (பந்தை ஏந்தி ஓடுபவர்) ஸ்பீடு ஸ்கோர் என்று ஒன்று உண்டு: பவுண்டில் எடை × 200, அதை நேரத்தின் நான்காம் அடுக்கால் வகுக்க வேண்டும். 100 வந்தால் சராசரி. 195 பவுண்டு ஆள் 4.40 ஓடினால் 104. 220 பவுண்டு ஆள் 4.50 ஓடினால் 107. டிவியில் முதல் ஆளுக்குத்தான் கைதட்டல். நான் இரண்டாமவரை எடுப்பேன்.

எட்ஜ் ரஷருக்கு (ஓரத்திலிருந்து குவாட்டர்பேக்கைத் துரத்துபவர்) முதல் 10 கெஜ நேரமும் த்ரீ-கோன் ட்ரில்லும் (மூன்று கூம்புகளைச் சுற்றி வளைந்து ஓடும் சோதனை) போதும். பெரிய உடம்போடு த்ரீ-கோனை 7 விநாடிக்குள் முடிக்கிறவரால் இடுப்பைத் தாழ்த்தி, தன்னைத் தடுக்கும் டாக்கிளைச் சுற்றி வளைய முடியும். 40 கெஜம் நேராக ஓட வேண்டிய வேலை அவருக்கு ஆட்டத்துக்கு ஒரு முறை வந்தாலே அதிகம்.

டிவியில் வராத ஒன்று மருத்துவப் பரிசோதனை. பெரிய சறுக்கல்கள் பலவும் அந்த அறையிலிருந்துதான் தொடங்கும். 2016-ல் ஜேலன் ஸ்மித் முதல் ஐந்துக்குள் போகக்கூடிய லைன்பேக்கர் (தடுப்பாட்டக்காரர்). கல்லூரி ஆட்டமான ஃபியஸ்டா பவுலில் முழங்காலோடு நரம்பும் அடிபட்டதால் 34-ஆவது பிக் வரை இறங்கினார். ஒரு ஆள் காரணமே தெரியாமல் பட்டியலில் சரிந்தால், முதலில் முழங்காலையும் தோளையும் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: குவாட்டர்பேக்கை எப்படி எடை போடறீங்க? உயரம், கை அளவு எல்லாம் பார்ப்பீங்களா?

பதில்: கை அளவுக்கு நான் பெரிய மதிப்பு தருவதில்லை. குவாட்டர்பேக் ஜோ பர்ரோவின் கை 9 அங்குலம் என்று அன்றைக்கு எவ்வளவு கேலி! நான் முதலில் பார்ப்பது கல்லூரியில் எத்தனை ஆட்டத்தில் முதல் குவாட்டர்பேக்காக இறங்கினார் என்பதை. மிட்ச் ட்ரபிஸ்கி 13, ட்ரே லான்ஸ் 17, ஆன்டனி ரிச்சர்ட்சன் 13. மூவரும் முதல் நான்கு பிக்குக்குள் போனவர்கள். எடுத்த அணிகளுக்கு மூவருமே கைகொடுக்கவில்லை. மறுபக்கம் ஜேடன் டேனியல்ஸ் 55, போ நிக்ஸ் 61. இருவரும் முதல் வருடமே அணியை பிளேஆஃபுக்குக் கொண்டுபோனார்கள். 13 ஆட்டம் என்றால் எதிரணிக் கோச்சுகள் ஃபிலிமைப் படித்து மடக்குவதற்குள் சீசன் முடிந்துவிடும். மடக்கிய பிறகு என்ன செய்கிறார் என்பதற்குச் சாட்சியே இருக்காது.

அடுத்து, நெருக்கடி வந்த பந்துகளில் எத்தனை சதவீதம் சேக்காக (எறிவதற்குள் எதிரணி மடக்கி வீழ்த்துவது) முடிந்தது என்று பார்ப்பேன். இந்தப் பழக்கம் கல்லூரியிலிருந்து என்எஃப்எல்லுக்குக் கூடவே வரும். 20 சதவீதத்தைத் தாண்டினால் யோசிப்பேன். வீட்டிலேயே சோதிக்கலாம்: மூன்றாவது டவுன்களை (மூன்றாவது முயற்சிகளை) மட்டும் போட்டு, ஸ்னாப்பிலிருந்து (பந்து அவர் கைக்கு வரும் நொடியிலிருந்து) பந்து கையை விட்டுப் போகும் வரை நேரம் குறியுங்கள். இரண்டரை விநாடிக்குள் போவது எத்தனை, மூன்றைத் தாண்டுவது எத்தனை என்று ஐந்தாறு ஆட்டம் எண்ணினால் ஆள் பிடிபடுவார். 2024-ல் சிகாகோ குவாட்டர்பேக் கேலப் வில்லியம்ஸ் 68 முறை சேக் ஆனார். சிகாகோவின் லைன் (முன்னால் நின்று எதிரணியைத் தடுக்கும் வரிசை) மோசம் என்பது பாதி உண்மைதான்; மீதிப் பாதி பந்தைப் பிடித்துக்கொண்டே நின்றது.

ஜோஷ் ஆலன் வயோமிங் கல்லூரியில் எறிந்ததில் 56 சதவீதம்தான் கம்ப்ளீட் செய்தார், பிறகு என்எஃப்எல்லின் எம்விபி (சீசனின் மிக மதிப்புள்ள வீரர்) ஆகவில்லையா என்று யாராவது கட்டாயம் கேட்பீர்கள். ஆனார். அதே 56-ஐ வைத்துக்கொண்டு காணாமல் போனவர்களின் பெயர் நமக்கு ஞாபகம் இருப்பதில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: அப்போ முதல் பிக்குக்காக வேற அணியோட ட்ரேட் பண்ணி (பிக்குகளை மாத்திக்கிட்டு) மேலே போறது முட்டாள்தனமா?

பதில்: விலையைப் பொறுத்தது. 90-களின் தொடக்கத்தில் டாலஸ் கவ்பாய்ஸ் கோச் ஜிம்மி ஜான்சன் காலத்தில் வந்த மதிப்பு அட்டவணை இன்றும் பேச்சுக்கு அடிப்படை: 1-ஆவது பிக் 3,000 புள்ளி, 5-ஆவது 1,700, 10-ஆவது 1,300, 32-ஆவது 590. மஹோம்ஸுக்காக கன்சாஸ் சிட்டி 27 (680), 91 (136), கூடவே 2018-இன் முதல் சுற்று பிக் ஆகியவற்றை பஃபலோவிடம் கொடுத்து 10-க்கு ஏறியது. கணக்கு ஏறக்குறைய சரிக்குச் சரி. அடுத்த வருட பிக் தாழ்வான இடத்தில்தான் வரும் என்று தெரிந்த பலமான அணி என்பதால் ஆபத்தும் குறைவு.

2023-ல் கரோலைனா பேந்தர்ஸ் செய்தது வேறு. பிரைஸ் யங்குக்காக 9, 61, 2024 முதல் சுற்று, 2025 இரண்டாம் சுற்று, இதெல்லாம் போதாதென்று ரிசீவர் (எறிந்த பந்தைப் பிடிப்பவர்) டி.ஜே. மூர். புது குவாட்டர்பேக்கை எடுத்துவிட்டு, அவர் எறிவதைப் பிடிக்கக்கூடிய ஒரே நல்ல ரிசீவரையும் தாரைவார்த்தார்கள். அந்த சீசன் 2-15 (2 வெற்றி, 15 தோல்வி). அதனால் அவர்கள் கொடுத்த 2024 பிக் 1-ஆவது இடத்தில் வந்து நின்றது. சிகாகோ அதில்தான் வில்லியம்ஸை எடுத்தது. பலவீனமான அணி அடுத்த வருட முதல் சுற்றைக் கொடுக்கும்போது விலை என்னவென்று தெரியாமலே கையெழுத்துப் போடுகிறது.

குவாட்டர்பேக்குக்குத் தவிர வேறு யாருக்காகவும் மேலே ஏறக்கூடாது என்பது என் கட்சி. பின்னாளில் நட்சத்திரமானவர்கள் போன பிக்கைப் பாருங்கள்: பூக்கா நக்கூவா 177, பிராக் பர்டி 262, டாம் பிரேடி 199. இவர்களை யாரும் கண்டுபிடித்துவிடவில்லை. கண்டுபிடித்திருந்தால் அவ்வளவு நேரம் காத்திருப்பார்களா? அதிக பிக் வைத்திருப்பவருக்கு அதிக வாய்ப்பு.

கேள்வி: முதல் சுற்றில் ரன்னிங் பேக்?

பதில்: லைன் தயாராக இருந்தால் எடுக்கலாம். ரன்னிங் பேக் ஸக்வான் பார்க்லி ஜயன்ட்ஸில் இருந்ததையும், 2024-ல் ஃபிலடெல்ஃபியா லைனுக்குப் பின்னால் 2,005 கெஜம் ஓடியதையும் ஒப்பிடுங்கள். ஆள் அதே ஆள்தான்.

கேள்வி: அண்ணா, பேஸ்பாலுக்கு வாங்க. எங்க டீம் போன வருஷம் 162 ஆட்டத்துல 84 ஜெயிச்சது. இந்த வருஷம் 90 தாண்டுமான்னு எப்படிக் கணக்குப் போடறது?

பதில்: வெற்றி எண்ணிக்கையை மறந்துவிட்டு ரன்னை எடுங்கள். அடித்த ரன்னின் வர்க்கத்தை, அடித்த ரன், கொடுத்த ரன் இரண்டின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்து 162-ஆல் பெருக்குங்கள். பில் ஜேம்ஸ் தந்த கணக்கு இது.

2023 சான் டியேகோ பாட்ரெஸ் 752 அடித்து 648 கொடுத்தது. கணக்குப்படி 93 வெற்றி வர வேண்டும், வந்தது 82. ஒரு ரன் வித்தியாச ஆட்டங்களில் 9-23, கூடுதல் இன்னிங்ஸில் 2-12. அதே வருடம் மயாமி மார்லின்ஸ் 666 அடித்து 723 கொடுத்தது. கணக்கு 74, வந்தது 84, பிளேஆஃபும் கூட. அவர்கள் ஒரு ரன் ஆட்டங்களில் 33-14. இந்தச் சாதகம் அடுத்த வருடம் தொடராது. 2024-ல் பாட்ரெஸ், நட்சத்திர பேட்டர் ஹுவான் சோட்டோவை ட்ரேட் செய்த பிறகும், 93 வெற்றி. மார்லின்ஸ் 62. இதில் பிட்சர்கள் (பந்து எறிபவர்கள்) சாண்டி அல்கான்டாரா, யூரி பெரெஸ் இருவரின் முழங்கை அறுவைக்கும் பங்கு உண்டு. ஆனால் அடித்தளம் 84 இல்லை, 74 என்பதை மறந்தவர்கள்தான் அதிர்ச்சி அடைந்தார்கள்.

கிடைத்த எண்ணை 81-ஐ நோக்கிக் கால் பங்கு இழுங்கள். பிறகு போனவரின் வார் (WAR: சாதாரண மாற்று ஆளைவிட ஒரு வீரர் கூடுதலாகத் தரும் வெற்றி) மதிப்பைக் கழித்து, வந்தவருடையதைக் கூட்டுங்கள். சுமார் 10 ரன் ஒரு வெற்றி. சரிபார்க்க இன்னொரு வழி: ட்ரிபிள்-ஏ (மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழே உள்ள லீக்) ஆட்களை மட்டும் வைத்து ஆடும் அணி சுமார் 48 ஜெயிக்கும் என்று வைத்து, உங்கள் வீரர்களின் மொத்த வாரை அதில் கூட்டுவது. இரண்டு வழியிலும் வரும் விடைகள் ஐந்துக்கு மேல் விலகினால் எங்கோ ஒரு பிட்சரை அளவுக்கு மீறி நம்பியிருக்கிறீர்கள்.

கேள்வி: இவ்வளவு கணக்குப் போட்டும் தப்பாத்தானே போகுது? 2025 டொரோன்டோவை யார் சொன்னா?

பதில்: 74 வெற்றியிலிருந்து 94. சொல்வது கடினம்தான். அணியின் உண்மையான திறன் துல்லியமாகத் தெரிந்தாலும், 162 ஆட்டத்தில் வெறும் தற்செயலே கூடக்குறைய 6 வெற்றியை நகர்த்தும். மூன்றில் ஒரு அணி அந்த வரம்பையும் தாண்டும். ஆக 30 அணிகளில் 10 உங்களை முட்டாளாக்கத்தான் செய்யும். '88' என்று எழுதாமல் '82 முதல் 94' என்று எழுதுங்கள்.

கேள்வி: பிட்சர் ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கொடுக்கற ரன்) 4.30. அடுத்த வருஷம் தேறுவாரா?

பதில்: எஃப்ஐபி (ஃபீல்டிங்கை ஒதுக்கிவிட்டு பிட்சரை அளப்பது) போடுங்கள்: ஹோம் ரன் × 13, வாக்கும் (நான்கு தவறான பந்துக்கு பேட்டர் இலவசமாகப் போவது) உடம்பில் பட்டதும் சேர்த்து × 3, இவற்றைக் கூட்டி, ஸ்ட்ரைக்அவுட் × 2-ஐக் கழித்து, இன்னிங்ஸால் வகுத்து, சுமார் 3.10 கூட்டுங்கள். 180 இன்னிங்ஸ், 20 ஹோம் ரன், 50 வாக், 190 ஸ்ட்ரைக்அவுட் என்றால் 3.27 வரும். 4.30-க்குப் பெரும்பாலும் ஃபீல்டிங்கும் கெட்ட நேரமும்தான் காரணம், தேறுவார். பந்தின் வேகம் போன வருடத்தைவிட 2 மைல் குறைந்திருந்தால் மட்டும் கணக்கை நம்பாதீர்கள், தோளைப் பற்றி விசாரியுங்கள்.

இன்னொன்று, ஐந்து ஸ்டார்ட்டர் (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்) பெயரை மட்டும் பார்த்துக் கணிக்காதீர்கள். 162-ஐ ஐந்தால் வகுத்தால் ஆளுக்கு 32 ஆட்டம். ஐவரும் அதை முடிக்கும் அணி அபூர்வம். ஆகஸ்டில் எறியப்போவது ஏழாவது, எட்டாவது ஆள். அவர்கள் யார் என்று தெரியாத அணிக்கு நான் 4 வெற்றி குறைப்பேன்.

கேள்வி: ஸ்பிரிங் ட்ரெய்னிங் (சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டம்) ரெக்கார்டு?

பதில்: குப்பை. பிட்சரின் வேகம் மட்டும் பாருங்கள்.

கேள்வி: அதிகம் ஜெயிச்ச டீம்தானே உலக சீரிஸ் (பேஸ்பால் இறுதித் தொடர்) எடுக்கணும்?

பதில்: ஒரு ஆட்டத்தை ஜெயிக்க 55 சதவீத வாய்ப்புள்ள அணி ஐந்து ஆட்டத் தொடரை ஜெயிக்கும் வாய்ப்பு 59, ஏழு ஆட்டத் தொடருக்கு 61. முதல் சுற்று பை (ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போவது) கிடைத்தும் மூன்று தொடர் தாண்ட வேண்டும்; பெருக்கினால் 22 சதவீதம். 2025-ல் 97 வெற்றியோடு முதலிடம் மில்வாக்கி ப்ரூவர்ஸ். சீசனில் டாட்ஜர்ஸை ஆறுக்கு ஆறும் தோற்கடித்தவர்கள், அக்டோபரில் அதே டாட்ஜர்ஸிடம் நாலுக்கு நாலும் தோற்றார்கள்.

கேள்வி: பேஸ்பால் டிராஃப்டை ஏன் யாரும் கண்டுக்கறதில்லை?

பதில்: எடுத்தவர் மைனர் லீக்குகளைத் தாண்டி மேஜர் லீக்குக்கு வர வருடங்கள் ஆகும். 2023-இன் முதல் பிக்கான பிட்சர் பால் ஸ்கீன்ஸ் அடுத்த மே மாதமே வந்தது விதிவிலக்கு. 2018-ல் ஓக்லண்ட் ஏ'ஸ் 9-ஆவது பிக்கில் எடுத்த கைலர் மர்ரி, மறுவருடம் என்எஃப்எல் டிராஃப்டில் முதல் பிக்காகப் போனதற்கும் இது ஒரு காரணம்: மைனர் லீக் பஸ் பயணமா, செப்டம்பரிலேயே ஸ்டார்ட்டரா? பிக்குகளைப் பெரும்பாலும் ட்ரேட் செய்ய முடியாது என்பதும் சுவாரசியத்தைக் குறைக்கிறது.

கேள்வி: 2025-ல மெட்ஸும் ரெட்ஸும் கடைசி பிளேஆஃப் இடத்துக்கு 83 வெற்றில சமமாச்சே, ஏன் ஒரு ஆட்டம் வைக்கலை?

பதில்: 2022 முதல் சமத்தை முறிக்கும் 163-ஆவது ஆட்டம் கிடையாது, நேருக்கு நேர் முடிவுதான் முதல் அளவுகோல். ரெட்ஸ் அதில் 4-2. ஜூன் நடுவில் லீக்கிலேயே சிறந்த ரெக்கார்டு வைத்திருந்த மெட்ஸ் வீட்டுக்குப் போனது. வைல்ட் கார்டு (பிரிவில் முதலிடம் வராதவர்களுக்கான பிளேஆஃப் இடம்) கணிக்கும்போது போட்டியில் இருக்கக்கூடிய நாலைந்து அணிகளோடு உங்கள் அணியின் நேரடி ரெக்கார்டை மே மாதத்திலிருந்தே ஓரமாகக் குறித்து வையுங்கள்.