லோடு ஏற்றினால் இழுக்காத பிக்கப்: முதலில் டீசல் ஃபில்டர்

அண்ணாச்சி, களக்காட்டில் வாழைத்தார் ஏற்றி வரும்போது மட்டும் வண்டி திணறுகிறது, ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது, ஒரு குறையும் இல்லை என்கிறீர்கள். சரி, மெக்கானிக் சொன்னாலும் இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போவை இப்போதே கழற்ற விடாதீர்கள். அடைத்த ஃபில்டர் சும்மா நிற்கும்போது தேவைப்படும் கொஞ்ச டீசலை விட்டுவிடும். லோடில் இன்ஜின் கேட்கும் அளவுக்கு விடாது.

இன்ஜின் ஆறியதும் ஃபில்டருக்கு அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, வடியும் டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கும். கறுப்பாகக் கசடு தெரிந்தால் ஃபில்டரை மாற்றியே ஆக வேண்டும். பழைய ரப்பர் வளையம் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும், அதையும் எடுத்துவிட்டுப் புது வளையத்தில் டீசல் தடவிப் பூட்டுங்கள். அப்புறம் பிரைமரை, அதாவது டீசலை ஏற்றும் கைப்பம்பை, கைக்கு இறுகும்வரை அமுக்கிக் காற்றை எடுங்கள். காமன் ரெயில் வண்டி (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் போகும் வகை) என்றால், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் பைப் நட்டில் கைவைக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் 1000 பாருக்கு (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) மேல் போகும், பீறிடும் டீசல் தோலைத் துளைத்துவிடும்.