எஞ்சினில் எண்ணெய்க் கசிவு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் காருக்கு இருபது வயதுக்கு மேல் ஆகிறது. நிறுத்தும் இடத்தில் எண்ணெய் சொட்டுகிறது. சிக்னலில் நிற்கும்போது கருகல் வாடை அடிக்கிறது. டேப்பட் கவர் பேக்கிங் போய்விட்டது என்கிறார்கள். வீட்டிலேயே மாற்ற முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். டேப்பட் கவர் என்பது எஞ்சினின் மேல்மூடி. அதற்கும் அடியில் உள்ள ஹெட்டுக்கும் (சிலிண்டர்களை மேலிருந்து மூடும் பாகம்) நடுவில் எண்ணெய் கசியாமல் அடைப்பதுதான் இந்தப் பேக்கிங். எஞ்சினில் உள்ள பேக்கிங்குகளில் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பது இதுதான். ஆனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். அந்தக் கருகல் வாடை, புகை வெளியேறும் சூடான குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் எண்ணெய் விழுந்து எரிவதால் வருவது. நாளாக ஆக அங்கே படிவது கூடும், தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. சில எஞ்சின்களில் கசிவு, வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட் பக்கமாக இறங்கும். எண்ணெயில் ஊறிய ரப்பர் பெல்ட் உப்பி, பல் பெயர்ந்து அறுந்துவிடும்.

பேக்கிங் வாங்கும் முன் கசிவு அங்கிருந்துதானா என்று உறுதி செய்யுங்கள். எண்ணெய் எப்போதும் கீழ்நோக்கி இறங்கும், வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்பக்கம் தள்ளும். எனவே ஈரம் தெரியும் இடம் வேறு, ஊற்று வேறு. எஞ்சின் ஆறியிருக்கும்போது டீகிரீஸர் (எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் திரவம்) போட்டுத் துடைத்துக் காயவிட்டு, ஒருநாள் ஓட்டிவிட்டு டார்ச் அடித்து மேலிருந்து கீழாகப் பாருங்கள். ஈரம் தொடங்கும் மிக உயரமான இடம் எதுவோ அதுதான் ஊற்று. அது கவரும் ஹெட்டும் சேரும் கோட்டில் இருந்தால் பேக்கிங் மாற்ற வேண்டியதுதான். ஆயில் ஊற்றும் மூடியின் வாஷர் காய்ந்துபோனாலும் இதே மாதிரிதான் வழியும். முதலில் அதைப் பாருங்கள்.

வாங்கும்போது பேக்கிங்கை மட்டும் கேட்காமல் முழு செட்டாக வாங்குங்கள். பிளக் குழிகளைச் சுற்றி வரும் டியூப் சீல்கள், போல்ட்டுகளின் அடியில் உட்காரும் ரப்பர் வாஷர்கள், இரட்டை கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) எஞ்சினாக இருந்தால் ஹெட்டின் முனையில் வரும் அரைவட்ட அடைப்புகள் என எல்லாம் ஒரே வயதுதான். பேக்கிங்கை மட்டும் மாற்றினால் அடுத்த கசிவு அந்த ரப்பர் வாஷர் வழியாக வரும்.

எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு தொடங்குங்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். பிளக் ஒயர்களில் 1, 2, 3, 4 என்று டேப் ஒட்டி எழுதிவிட்டு எடுங்கள். இக்னிஷன் காயில் பிளக்கின் மேலேயே உட்காரும் வகை என்றால் கனெக்டரின் பிளாஸ்டிக் நாக்கில் கவனம் தேவை. பழைய வண்டியில் அது அப்பளமாக நொறுங்கும். பிளக் குழிக்குள் எண்ணெய் தேங்கியிருந்தால் கவரைத் தூக்கும் முன்பே துணியாலோ ஊசியில்லாத சிரிஞ்சாலோ எடுத்துவிடுங்கள். அது கிடக்கும்போதே பிளக்கைக் கழற்றினால் எண்ணெய் முழுக்க சிலிண்டருக்குள் போய்விடும். வண்டி மிஸ்ஸிங் அடிப்பதற்கு இந்தக் குழி எண்ணெயே காரணமாகவும் இருக்கலாம்.

கவர் போல்ட்டுகள் பெரும்பாலும் எம்6, தலை 10 மில்லிமீட்டர். இரு முனைகளிலிருந்தும் தொடங்கி நடுவை நோக்கி, ஒவ்வொன்றையும் அரைச் சுற்றாகத் தளர்த்திக்கொண்டே வாருங்கள். நீளம் மாறும் போல்ட்டுகள் இருக்கும். ஒரு அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வைத்துவிட்டால் குழப்பம் வராது. கவர் ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டுங்கள். ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் விட்டு நெம்பாதீர்கள். அலுமினியத்தில் விழும் ஒரு கீறல் போதும், புது பேக்கிங்கும் அந்த வழியாகக் கசியும்.

கவர் வந்ததும், டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின் உள்ள எஞ்சின் என்றால் அது இறங்கும் பள்ளத்தையும் எண்ணெய் வடியும் துளைகளையும் நூல் பிரியாத சுத்தமான துணியால் அடையுங்கள். ஒரு வாஷர் உள்ளே விழுந்தால் சம்ப்பை (எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டி) கழற்ற வேண்டிவரும். பழைய பேக்கிங் முழுசாக வந்ததா என்று பாருங்கள். பாதி ஹெட்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கவனிக்காமல் புதியதை மேலே வைத்து மூடினால் சில நிமிடங்களில் எண்ணெய் கொட்டும்.

சுத்தம் செய்வதில்தான் இந்த வேலையின் பாதி இருக்கிறது. பிளாஸ்டிக் சுரண்டி, பிரேக் கிளீனர், துணி, இவை போதும். டிரில்லில் மாட்டும் நார்ச் சக்கரம், உப்புத்தாள் எதுவும் ஹெட்டின் பக்கம் வரக்கூடாது. அதிலிருந்து உதிரும் துகள் எண்ணெயோடு கலந்து பேரிங்கைத் தேய்த்துவிடும். கவரின் பள்ளத்தில் மூலைகளில் இறுகிக் கிடக்கும் பழைய சிலிக்கானைக் குச்சியால் நோண்டி எடுங்கள். கடைசியாக இரண்டு முகங்களிலும் விரலை ஓட்டிப் பாருங்கள். கைக்கு எண்ணெய்ப் பிசுக்கு தட்டக்கூடாது.

ரப்பர் பேக்கிங்கைக் கவரின் பள்ளத்தில் உலர்வாகவே உட்கார வையுங்கள். முதலில் நான்கு மூலைகள், பிறகு நடுப்பகுதிகள். ஒரு முனையிலிருந்து இழுத்துக்கொண்டே போனால் கடைசியில் நீளம் மிஞ்சும். டியூப் சீலின் உதட்டில் மட்டும் ஒரு துளி எஞ்சின் ஆயில் தடவலாம். கேம்ஷாஃப்ட் மூடி ஹெட்டோடு சேரும் மூலைகளிலும், டைமிங் கவர் ஹெட்டைச் சந்திக்கும் இடத்திலும் 2 முதல் 3 மில்லிமீட்டர் அளவு சிலிக்கான் பேஸ்ட் பொட்டு வையுங்கள். சென்சாரைக் கெடுக்காத, எண்ணெய் தாங்கும் வகை என்று டியூபில் போட்டிருக்க வேண்டும். வைத்த பின் காயவிடாமல் சில நிமிடங்களிலேயே கவரை மூடிவிட வேண்டும். அடைத்த துணிகளை எல்லாம் எடுத்தாயிற்றா என்று எண்ணிப் பார்த்துவிட்டு மூடுங்கள்.

கவரை நேராக இறக்குங்கள். இழுத்து நகர்த்தினால் பேக்கிங் பள்ளத்தை விட்டு வெளியே வரும். அதுவும் உங்கள் கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்தில்தான் வரும். ஒரு சின்னக் கண்ணாடியை அந்தப் பக்கம் நீட்டி, கோடு முழுக்கச் சீராக இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஸ்பேனரை எடுங்கள். எல்லா போல்ட்டையும் விரலால் திருகி ஏற்றுங்கள். பிறகு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, எதிரெதிராக, இரண்டு கட்டமாக இறுக்குங்கள்: முதலில் 5 நியூட்டன் மீட்டர், அடுத்து உங்கள் வண்டிப் புத்தகம் சொல்லும் அளவு. பெரும்பாலான வண்டிகளில் அது 8 முதல் 10 வரை. சக்கர நட்டு இறுக்கும் பெரிய டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) இந்தச் சிறிய அளவில் சரியாகக் காட்டாது. 5 முதல் 25 வரை காட்டும் சின்னது வேண்டும்.

சிலிக்கான் போட்டிருந்தால் டியூபில் சொன்ன நேரம் வரை, ஒரு இரவு என்றால் இன்னும் நல்லது, அப்படியே விடுங்கள். பிறகு ஆயில் அளவைப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். மேனிஃபோல்டில் ஏற்கெனவே கிடந்த எண்ணெய் எரிந்து தீரும் வரை லேசாகப் புகை வரும். கோட்டில் புது ஈரம் இருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

கேள்வி: பேக்கிங் மாற்றி ஒரு மாதம்கூட ஆகவில்லை, மறுபடியும் கசிகிறது. போல்ட்டுகளை நன்றாக இறுக்கியும் நிற்கவில்லை.

பதில்: இறுக்கியதுதான் இன்னொரு கோளாறைச் சேர்த்திருக்கும். தகரக் கவரில் போல்ட்டை அதிகம் இறுக்கினால் துளையைச் சுற்றி உள்வாங்கி, இரண்டு போல்ட்டுக்கு நடுவில் தகரம் மேலே வளைந்துவிடும். நீங்கள் இறுக்க இறுக்க நடுவில் இடைவெளி கூடும். கவரைக் கழற்றி நேரான ஸ்கேலை முகத்தில் வைத்துப் பாருங்கள். குழிந்த இடங்களை மரக்கட்டையின் மேல் வைத்து மெதுவாகத் தட்டிச் சமன் செய்யலாம். பிளாஸ்டிக் கவர் முறுக்கிக்கொண்டால் சரி செய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

கவர் நேராக இருந்தால் பிசிவி வால்வைச் சந்தேகப்படுங்கள். பிஸ்டனைத் தாண்டி கீழே இறங்கும் வாயுவை இன்டேக்குக்கு அனுப்பி எரிக்கும் வழி அது. அது அடைத்துக்கொண்டால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி, எந்தப் புது பேக்கிங்கையும் தள்ளிக்கொண்டு எண்ணெய் வெளியே வரும். ஐட்லிங்கில் ஆயில் மூடியைத் திறந்து வாயின்மேல் ஒரு தாளை வையுங்கள். தாள் மெல்ல உள்ளே இழுக்கப்பட்டால் நல்லது. பறந்தால் வால்வோ அதன் ஹோஸோ அடைத்திருக்கிறது. வால்வைக் கழற்றி ஆட்டினால் உள்ளே டக் டக் என்று சத்தம் கேட்க வேண்டும். வால்வு, ஹோஸ் இரண்டையும் மாற்றியும் தாள் பறந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்த்துவிட்டு மேற்கொண்டு செலவு செய்யுங்கள்.

கேள்வி: பேக்கிங்கே இல்லாமல் சுற்றிலும் சிலிக்கான் பேஸ்ட் போட்டு மூடலாமா?

பதில்: பேக்கிங் வைத்துச் செய்த கவருக்கு வேண்டாம். உள்பக்கம் பிதுங்கிய பேஸ்ட் காய்ந்து உதிர்ந்து சம்ப்பில் இறங்கும். அங்கே ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைத்தால் ஆயில் பிரஷர் போய்விடும். சொட்டுக் கசிவை நிறுத்தப் போய் எஞ்சினையே இழக்கக் கூடாது.

கேள்வி: இறுக்கும்போது ஒரு போல்ட் சும்மா சுற்றுகிறது. மரை போய்விட்டதா?

பதில்: ஆம், ஹெட்டின் அலுமினிய மரை போல்ட்டோடு வந்துவிட்டது. நுனியில் அலுமினியச் சுருள் ஒட்டியிருக்கும், பாருங்கள். பெரிய போல்ட்டை அடித்து ஏற்றாதீர்கள். எம்6, 1 மில்லிமீட்டர் பிட்ச் ஹெலிகாயில் செட் (துளைக்குள் புது மரையாக உட்காரும் கம்பிச் சுருள்) வாங்கி, துளையைச் சுற்றித் துணி அடைத்து, டிரில்லிலும் மரை வெட்டும் டேப்பிலும் கிரீஸ் தடவித் துகளைப் பிடித்துக்கொண்டு போடுங்கள். பழைய மரையைவிட உறுதியாக நிற்கும்.

கேள்வி: எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டுகிறது. கிராங்க்ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீல், கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார்கள்.

பதில்: இறக்கும் முன் டேப்பட் கவரின் பின்மூலையை விரலால் தடவிப் பாருங்கள். அங்கே கசியும் எண்ணெய், சிலிண்டர்கள் அமைந்த பாகமான பிளாக்கின் பின்முகம் வழியாக இறங்கி, கிராங்க் சீல் கசிவது போலவே அதே இடத்தில் சொட்டும். சில எஞ்சின்களில் ஆயில் பிரஷர் சுவிட்சும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. பின்மூலை உலர்ந்திருந்து, கியர்பாக்ஸ் கூட்டின் உள்ளிருந்து சொட்டினால்தான் சீலைப் பற்றி யோசிக்க வேண்டும்.

கேள்வி: டேப்பட் கவர் பேக்கிங்கை நானே மாற்றிவிட்டேன். ஹெட் கேஸ்கெட்டையும் அதேபோல் வீட்டில் மாற்றலாமா?

பதில்: ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் வரும் பேக்கிங் அது. இது வேறு வகை வேலை. முதலில் அது உண்மையில் போயிருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் மூடியின் அடியில் வெள்ளை நுரை இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். குறைந்த தூரமே ஓடும் வண்டியில் ஈரம் ஆவியாகாமல் அப்படிப் படியும். கூலன்ட் குறைந்துகொண்டே போவது, ரேடியேட்டரில் விடாமல் குமிழி வருவது, இனிப்பு வாடையுள்ள வெள்ளைப் புகை, பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைவது, இவைதான் வலுவான அடையாளம். ரேடியேட்டர் வாயில் வைக்கும் சோதனைத் திரவம் நீலத்திலிருந்து மஞ்சளாக மாறினால் சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டில் கலக்கிறது என்று அர்த்தம்.

ஹெட்டை வீட்டில் இறக்கலாம், ஆனால் அதை லேத் பட்டறைக்குக் கொடுத்துச் சமமும் விரிசலும் பார்க்காமல் திருப்பி ஏற்றக் கூடாது. பல அலுமினிய ஹெட்டுகளுக்கு அனுமதிக்கப்படும் வளைவு 0.05 மில்லிமீட்டர்தான், கண்ணுக்குத் தெரியாது. டைமிங் குறிகளைச் சரியாகச் சேர்க்கத் தெரிய வேண்டும். டார்க் கொடுத்த பின் 90 டிகிரி திருப்பச் சொல்லும் போல்ட்டுகள் நீண்டு கொடுக்கும் வகை, மறுபடி பயன்படுத்தாமல் புதிது போட வேண்டும். போல்ட் துளைக்குள் எண்ணெயோ கூலன்ட்டோ தேங்கியிருந்தால் முழுக்கத் துடைத்தெடுங்கள். மறுபக்கம் திறப்பில்லாத துளையில் திரவம் இருக்கும்போது போல்ட் இறங்கினால், வெளியேற வழியில்லாத அந்தத் திரவத்தின் அழுத்தமே பிளாக்கில் விரிசல் விழ வைத்துவிடும்.

கேள்வி: என் வண்டியில் இருப்பது கார்க் பேக்கிங். அதற்கு முறை வேறா?

பதில்: கொஞ்சம் வேறு. கார்க் நகராமல் இருக்கக் கவர் பக்கம் மட்டும் மெல்லிய கேஸ்கெட் பசை தடவி ஒட்டுங்கள், ஹெட் பக்கம் உலர்வாக இருக்கட்டும். அதிகம் இறுக்கினால் துளையருகே பிளந்துவிடும். ரப்பரை ஒருமுறை இறுக்கியதோடு விட்டுவிடலாம். கார்க் முதல் சூட்டில் அமுங்கும். அதனால் எஞ்சின் ஒருமுறை சூடாகி முழுக்க ஆறிய பின் அதே அளவுக்கு டார்க் சரிபாருங்கள். பேக்கிங் உறையிலேயே பல நாள் கிடந்து காய்ந்து சுருங்கி, துளைகள் பொருந்தாமல் இருந்தால் ஈரத்துணியில் சுற்றிச் சற்று நேரம் வையுங்கள், பழைய அளவுக்கு வந்துவிடும். ஈரம் முழுக்கத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள்.