ஜெல் துப்பாக்கி: சுடும்போது கண்ணில் கவனம், சுட்டு முடித்ததும் தரையில் கவனம்

கேள்வி: என் 11 வயது மகனுக்குப் பிறந்தநாள் பரிசாக, தண்ணீரில் ஊறவைத்த ஜெல் மணிகளைச் சுடும் பொம்மைத் துப்பாக்கி வந்திருக்கிறது. பெட்டியில் ‘14+’ என்று போட்டிருக்கிறது. கூடவே ஒரு பிளாஸ்டிக் கண்ணாடியும் இருக்கிறது. அந்தக் கண்ணாடி போதுமா? மணி பட்டால் அடிபடுமா? மிச்ச மணிகளை சிங்க்கில் கொட்டலாமா? வீட்டில் இரண்டு வயதுப் பெண் குழந்தையும் இருக்கிறாள்.

பதில்: சிங்க்கில் கொட்டவே கூடாது. கண்ணாடி விஷயத்தைப் பிறகு பார்ப்போம். கேள்வியின் கடைசி வரியில் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனீர்களே, அந்த இரண்டு வயதுக் குழந்தையிலிருந்துதான் தொடங்க வேண்டும். துப்பாக்கியைப் பார்த்துப் பயப்படும் பெற்றோர், மணிகள் இருக்கும் பாக்கெட்டைப் பார்த்துப் பயப்படுவதில்லை. உங்கள் வீட்டைப் பொறுத்தவரை இரண்டில் அதிக ஆபத்தானது அந்தப் பாக்கெட்தான்.

உலர்ந்த மணி கடுகளவுதான், ஏறத்தாழ 2 மி.மீ. ஊறிய மணி பட்டாணி அளவு, 7 முதல் 8 மி.மீ. விட்டத்தில் நான்கு மடங்கு என்றால் பருமனில் 64 மடங்கு. இதே வேலையை வயிற்றுக்குள்ளும் அது செய்யும். பளபளவென்று பல நிறத்தில் இருப்பதால் குழந்தைக்கு மிட்டாய் மாதிரித் தெரியும். சுலபமாக வழுக்கிக்கொண்டு இறங்கும். குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பெருத்து அடைத்துக்கொள்ளும். அமெரிக்காவில் 2023-ல் 10 மாதக் குழந்தை ஒன்று இப்படிப்பட்ட மணியால் இறந்துபோனது. அதையடுத்து அந்த மணிகள் அடங்கிய ஏறத்தாழ 52,000 விளையாட்டுப் பெட்டிகள் திரும்பப் பெறப்பட்டன. அது துப்பாக்கி கூட இல்லை, வெறும் மணிகளை அளைந்து விளையாடும் பெட்டி.

ஆகவே எங்கள் கருத்து: தவழும் குழந்தையோ, கையில் கிடைத்ததை வாயில் போடும் வயதுக் குழந்தையோ இருக்கும் வீட்டுக்குள் இந்த மணிகளை வைத்திருக்க வேண்டாம். பையன் ஆசைப்படுகிறான் என்றால், குழந்தை வராத இடத்தில், சின்னப் பிள்ளைகள் இல்லாத வேறொருவர் வீட்டில் மணிகளை வைத்து, அங்கேயே ஊறவைத்து, அங்கேயே விளையாடி முடித்துவிட்டு வரட்டும். வீடு திரும்புமுன் சட்டைப்பை, கால்சட்டை மடிப்பு, ஷூ மூன்றையும் உதறச் சொல்லுங்கள். மணிகள் ஒளிந்துகொள்ளும் இடங்கள் அவை.

குழந்தை விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகமே போதும், உடனே மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வாந்தி, எச்சில் வழிதல், சாப்பிட மறுப்பது, வயிறு உப்புவது, மலம் போகாமல் இருப்பது எல்லாம் பல மணி நேரம் கழித்தோ, ஓரிரு நாள் கழித்தோதான் தெரியவரும். மூச்சுத் திணறினால் தாமதிக்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீரில் ஜெல் சுருங்கும் என்று எங்காவது படித்திருப்பீர்கள். கிண்ணத்தில் அது சுருங்குவது உண்மைதான்; ஆனால் குழந்தைக்கு உப்புக் கரைசல் கொடுப்பது தனி ஆபத்து. சாதாரண எக்ஸ்ரேயில் இந்த மணி தெரியாது, ஏனென்றால் ஊறிய மணி பெரும்பாலும் தண்ணீர்தான். எனவே ‘எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது’ என்பதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். “தண்ணீரில் ஊறிப் பெரிதாகும் ஜெல் மணி” என்று தெளிவாகச் சொல்லுங்கள், பாக்கெட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.

காதிலோ மூக்கிலோ போட்டுக்கொண்டால் வீட்டு வைத்தியமே வேண்டாம். தண்ணீர் விட்டாலும், காதுக்குச் சொட்டு மருந்து விட்டாலும் மணி இன்னும் பெருக்கும். பஞ்சுக் குச்சியால் குத்தினால் உடைந்து உள்ளே போகும். நேரே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

இனி துப்பாக்கி. மணி உடம்பில் பட்டால் சுருக்கென்று இருக்கும். அருகிலிருந்து பட்டால் சிவந்து தடிக்கும். அதோடு சரி. கண் விஷயம் வேறு. பெரிய பந்து வந்து கண்ணில் மோதினால், கண் குழியைச் சுற்றியுள்ள எலும்பு அடியில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். 8 மி.மீ. மணி அந்த எலும்பு வளையத்துக்குள் தாராளமாக நுழைந்துவிடும். அடி முழுவதும் விழிமேல்தான். பெட்டியில் 200 எஃப்.பி.எஸ். (fps, அதாவது நொடிக்கு 200 அடி) என்று போட்டிருந்தால், 3.28-ஆல் வகுத்துப் பாருங்கள்: நொடிக்கு சுமார் 61 மீட்டர். 5 மீட்டர் தூரத்தை அது பத்தில் ஒரு பங்கு நொடிக்கும் குறைவான நேரத்தில் கடந்துவிடும். இமை மூடுவதற்கு அது போதாது. “வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன்” என்று எந்தப் பிள்ளை சொன்னாலும் ஏற்காதீர்கள்.

பெட்டியோடு வந்த கண்ணாடி போதுமா என்பதைக் கண்ணாடியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். சட்டத்திலோ வில்லையின் ஓரத்திலோ பொறித்திருப்பதைத் தேடுங்கள். அமெரிக்கத் தர முறையில் ‘இசட்87+’ (Z87+) என்று இருக்கும்; அந்தக் கூட்டல் குறிதான் மோதலைத் தாங்கும் என்பதற்கு அடையாளம். ஐரோப்பிய ‘ஈ.என். 166’ (EN 166) முறையில் ‘எஃப்’ (F) அல்லது ‘பி’ (B) என்ற எழுத்து இருக்க வேண்டும். ‘எஃப்’ என்றால் 0.86 கிராம் எஃகுக் குண்டு நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் மோதியும் தாங்கியது என்று பொருள். ‘பி’ என்றால் 120 மீட்டர் வேகம். ஊறிய மணியின் எடை 0.22 கிராம்தான், 61 மீட்டர் வேகத்தில் அதன் ஆற்றல் 0.4 ஜூல் அளவு. ‘எஃப்’ சோதனைக் குண்டின் ஆற்றல் 0.87 ஜூல். கணக்குப்படி ‘எஃப்’ தாங்கும். ஆனாலும் நாங்கள் ‘பி’ குறியுள்ள, முகத்தோடு ஒட்டிச் சுற்றி அடைக்கும் காகிள்ஸைத்தான் சொல்வோம், ஏனென்றால் வில்லை தாங்கினாலும் பக்கவாட்டு இடைவெளி வழியாக மணி வரலாம். ஒரு குறியும் இல்லாத மெல்லிய பிளாஸ்டிக் என்றால் ஒதுக்கிவிடுங்கள். மூக்குக்கண்ணாடியும் வெயில் கண்ணாடியும் காப்பல்ல. மூக்குக்கண்ணாடி போடும் பிள்ளை, அதன் மேலேயே மாட்டக்கூடிய பெரிய காகிள்ஸ் போட வேண்டும். கம்பி வலைக் கண்ணாடி வேறு வகைத் துப்பாக்கிக்குச் சரியாக இருக்கலாம். இங்கே மணி வலையில் மோதிச் சிதறி, தூளாகக் கண்ணுக்குள் வரும். மூடிய வில்லையில் பனி படர்ந்தால் பிள்ளைகள் ‘ஒரு நிமிஷம்’ என்று கழற்றுவார்கள். அடிபடுவது பெரும்பாலும் அந்த ஒரு நிமிஷத்தில்தான். “கண்ணாடி!” என்று யாராவது கத்தினால் எல்லாத் துப்பாக்கியும் தரையைப் பார்க்க வேண்டும், ஆடும் இடத்தின் எல்லைக் கோட்டுக்கு வெளியே போன பிறகுதான் கழற்ற வேண்டும் என்பதை முதல் விதியாக வையுங்கள். வேடிக்கை பார்ப்பவருக்கும் கண்ணாடி கட்டாயம்.

மணியை எப்படி ஊறவைக்கிறீர்கள் என்பதிலும் பாதுகாப்பு இருக்கிறது. அரைகுறையாக ஊறிய மணி ரப்பர் போல இருக்கும், பட்டதும் உடையாது. முழுதாக ஊறியது உடைந்து சிதறுவதிலேயே ஆற்றலைச் செலவழித்துவிடுகிறது. ரப்பர் மணிக்கு அந்த வழி இல்லை, அடி அப்படியே இறங்கும். ஊறிய மணி ஒன்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் வைத்து அழுத்துங்கள். பளிச்சென்று உடைந்து நொய்யாக உதிர்ந்தால் சரி. நசுங்கி, விட்டதும் பழைய வடிவத்துக்கு வந்தால் இன்னும் ஊற வேண்டும். இன்னொரு வழி: காகிதத்தில் துளையிடும் பஞ்ச் போடும் ஓட்டை 6 மி.மீ. இருக்கும். ஓர் அட்டையில் அதைப் போட்டு மணியை வைத்துப் பாருங்கள். விழுந்துவிட்டால் மணி சிறிது.

1,000 உலர்ந்த மணிகள் என்பது ஏறத்தாழ ஒன்றரைத் தேக்கரண்டிதான். முழுதாக ஊறும்போது கால் லிட்டர் தண்ணீரைக் குடித்துவிடும். ஒரு லிட்டர் ஊற்றி 4 மணி நேரம் விடுங்கள். உப்பு மிகுந்த கடினநீரில் மணி சரியாக வளராது. வடிகட்டிய தண்ணீர் நல்லது. அன்றைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் போடுங்கள். வடிகூடையில் நீரை இறுத்துவிட்டுத்தான் துப்பாக்கியில் நிரப்ப வேண்டும். பூச்சாடியில் அலங்காரத்துக்குப் போடும் மணிகளின் அளவும் கெட்டித்தன்மையும் வேறு, அவற்றைப் போடாதீர்கள். உறைபெட்டியில் வைத்து உறையவைப்பதை வீடியோக்களில் வேடிக்கையாகக் காட்டுகிறார்கள். உறைந்த மணி பனிக்கட்டிக் குண்டு. உடையாது, குழலையும் விரிசல் விடச் செய்யலாம். பையன் அதைக் கேள்விப்பட்டிருப்பான். நீங்களே முந்திக்கொண்டு பேசிவிடுங்கள்.

14+ என்ற எண் வேகத்தை மட்டும் பார்த்துப் போட்டதல்ல. ஆட்டத்தின் சூட்டில் கட்டுப்படுத்திக்கொள்ளும் பக்குவத்தையும் பொறுத்தது. 11 வயதில் ஆளை ஆள் சுடும் ஆட்டம் வேண்டாம். காகிதக் கோப்பைகளை அடுக்கி, எல்லோரும் ஒரே கோட்டில் நின்று, ஒரே திசையில் சுடட்டும். இலக்குக்குப் பின்னால் பழைய போர்வையைத் தொங்கவிட்டால் மணிகள் அங்கேயே விழும், பெருக்கவும் எளிது. பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். எதிரெதிராக ஆடுவது பெரிய பிள்ளைகளுக்குத்தான். அப்போதும் 5 மீட்டருக்குள் சுடக் கூடாது, நெஞ்சுக்குக் கீழே மட்டும்தான் குறி, கழுத்தும் காதும் மூடும் உடை வேண்டும். தெருவில், வண்டியிலிருந்து, விளையாடாதவர்மீது சுடுவது விளையாட்டே அல்ல. நிஜத் துப்பாக்கி போலத் தெரிவதால் சட்டச் சிக்கலும் வரும்: ஆஸ்திரேலியாவின் தெற்கு ஆஸ்திரேலிய மாநிலம் 2020 அக்டோபரில் இவற்றைத் துப்பாக்கிகளோடு சேர்த்தே கட்டுப்படுத்தியது. குழல் முனையின் ஆரஞ்சு நிறத்தை அழிக்காதீர்கள். வெளியே எடுத்துப்போனால் பைக்குள் போட்டு எடுத்துப்போங்கள்.

மணிக் குப்பியைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று நினைக்கிறார்கள். இல்லை. குழலில் ஒரு மணி தங்கியிருக்கும். குப்பியைக் கழற்றி, முனையை வாளிக்குள் காட்டி, மணி வருவது நிற்கும் வரை இரண்டு மூன்று முறை விசையை அழுத்துங்கள். பிறகு பேட்டரி இணைப்பை எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் வெறுமனே சுட்டால் உள்ளேயுள்ள பற்சக்கரம் தேயும். அடைத்துக்கொண்டாலும் முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவதுதான். குழலுக்குள் கண்ணை வைத்துப் பார்க்க எந்தக் காரணமும் இல்லை.

பேட்டரி பெரும்பாலும் 7.4 வோல்ட் லித்தியம் வகை. 11.1 வோல்ட் போட்டால் ‘பவர்’ கூடும் என்பார்கள். மணியின் வேகத்தை உள்ளே இருக்கும் ஸ்பிரிங்தான் தீர்மானிக்கிறது. வோல்ட் கூடினால் நொடிக்குச் சுடும் எண்ணிக்கையும் மோட்டார் சூடும்தான் கூடும். ஆடி முடித்ததும் பேட்டரியை ஆறவிட்டு, உடன் வந்த சார்ஜரில், வெறும் தரையில் வைத்து, ஆள் பார்வையில் சார்ஜ் செய்யுங்கள். உப்பியிருந்தால் தூக்கிப்போட்டுவிட வேண்டியதுதான், மின்கழிவு சேகரிக்கும் இடத்தில்.

கண்ணில் பட்டுவிட்டால்: தேய்க்கக் கூடாது, அழுத்தக் கூடாது. ஒரு காகிதக் கோப்பையை விழியில் படாதபடி கண்ணின்மேல் கவிழ்த்து, விளிம்பில் ஒட்டுப்போட்டு, பிள்ளையை உட்கார்ந்த நிலையிலேயே கண் மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். ஆஸ்பிரின், இபுபுரோஃபன் வேண்டாம், இரத்தக் கசிவு கூடும். கருவிழியின் கீழ்ப்பகுதியில் பிறை போலச் சிவப்பாகத் தெரிந்தால் உள்ளே இரத்தம் தேங்கியிருக்கிறது. அது வடிந்த பிறகும் முதல் ஐந்து நாட்களுக்குள் மறுபடி கசியலாம், கண் அழுத்தம் உயரலாம். பார்வை மங்கல், மின்னல் வெட்டுவது போல ஒளி, திரை விழுவது போன்ற நிழல், கண்மணி வட்டமாக இல்லாமல் இருப்பது எல்லாம் அன்றே காட்ட வேண்டியவை. வலி குறைந்துவிட்டது என்று மறுநாளுக்குத் தள்ளிப்போட வேண்டாம். விழித்திரையில் பட்ட அடி வலிக்காது.

மிச்ச மணிகளுக்கு வருவோம். வடிகாலுக்குள் போனால் வளைவில் தங்கி, மேலும் ஊறி அடைத்துவிடும். தட்டில் துணி விரித்து, ஒரே அடுக்காகப் பரப்பி, குழந்தைக்கும் நாய்க்கும் எட்டாத இடத்தில் வெயிலில் வையுங்கள். நன்றாகக் காய்ந்தால் மறுபடி கடுகளவுக்கு வந்துவிடும். உறையில் கட்டிக் குப்பையில் போடலாம். ஊறிய மணிகளைப் பாட்டிலில் நாட்கணக்கில் வைத்திருந்தால் கிருமி சேரும். வாடை வந்தால் தொட வேண்டாம். தரையில் சிந்தியதை ஈரத் துணியால் துடைக்காதீர்கள், நசுங்கி வழுக்கும். துடைப்பத்தால் கூட்டி, பிறகு குனிந்து, கைபேசி வெளிச்சத்தைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். சோபாவுக்கு அடியில் போனவை நிழல் விழுந்து தெரியும். இரண்டு நாள் கழித்து இன்னொரு முறை பாருங்கள், ஏனென்றால் அதற்குள் அவை காய்ந்து சுருங்கி, வேறு எங்காவது உருண்டிருக்கும்.