பொதுச் சமையலறைக்கு வரும் தம்பிக்கு

தம்பி, மணிலாவை ஒட்டின மகாட்டியில் வேலை, ஒரு பிலிப்பினோ குடும்பத்து வீட்டில் அறை, சமையலறை பொது, நான் சைவம், முட்டை மட்டும் உண்டு, பாஸ்தாவும் சோறும் வைத்து ஓட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வங்கிக் கணக்கு, சிம் கார்டையெல்லாம் அலுவலகத்தில் யாராவது பார்த்துக்கொள்வார்கள், விடுங்கள். அந்தப் பொதுச் சமையலறைதான் விஷயம். நானும் மணிலாவுக்கு வந்த புதிதில் அப்படி ஒரு வீட்டில்தான் இருந்தேன்.

சோற்றுக்குப் பஞ்சமே இல்லை. மூன்று வேளையும் சோறு தின்கிற ஊர் இது. கடையில் சினண்டோமெங், டினோராடோ என்று குவித்து, அட்டையில் கிலோ விலை எழுதிச் செருகியிருப்பார்கள். எல்லாம் பச்சரிசி, கொஞ்சம் ஒட்டும். ஐ.ஆர். 8 நெல்லை 1966-ல் வெளியிட்ட சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற லாஸ் பானோஸ் மணிலாவிலிருந்து அறுபது கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் புழுங்கலரிசிக்குப் பாக்கோ பக்கம் இந்திய மளிகைக் கடை தேடித்தான் போகணும். வந்த நாள் முதல் இதையே சொல்லிப் புலம்பும் நம்மாட்கள் நிறையப் பேர். ஒட்டினால் என்ன, பிசைந்து சாப்பிடுகிறவர்கள்தானே நாம்?

அரிசியில் விரலை நிறுத்தி முதல் கணு வரை தண்ணீர், குக்கரை அமுக்கினால் முடிந்தது. வடிக்கிறேன் என்று நிற்காதீர்கள். களைந்த தண்ணீரையும் கேட்காமல் கொட்டாதீர்கள், நம் பக்கம் மண்டிக்கு எடுத்துவைப்பது போல இவர்கள் சினிகாங் என்கிற புளிப்புக் குழம்புக்கு எடுத்துவைப்பார்கள்.

ராத்திரி மிஞ்சின சோற்றைத் தொடவே கூடாது. காலையில் அதைப் பூண்டு போட்டு வதக்கினால்தான் சினங்காக், அது இல்லாமல் அந்த வீட்டில் பொழுது விடியாது. என்னோடு தங்கியிருந்த தஞ்சாவூர்க்காரர் ஒருத்தர், ஊர் ஞாபகத்தில் பானைச் சோறு முழுக்கத் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டார். டீட்டா (வீட்டம்மாவை அப்படித்தான் கூப்பிடணும்) காலையில் மூடியைத் திறந்து பார்த்தார், திட்டவில்லை, மூடிவிட்டுப் பன்டேசால் ரொட்டி வாங்கப் பையனை அனுப்பினார். அன்றைக்கு மேசையில் ஒருத்தரும் எங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பாஸ்தாவுக்கு வருகிறேன். இத்தாலிக்காரன் மாதிரி இருக்கும் என்று நினைத்து வராதீர்கள். இங்கே ஸ்பகெட்டி என்றால் இனிப்பு. வாழைப்பழக் கெச்சப், சர்க்கரை, கொத்துக்கறி, சாய்வாக நறுக்கின சிவப்பு ஹாட்டாக், மேலே துருவின சீஸ். அந்தக் கெச்சப்பை மரியா ஓரோசா என்ற உணவு விஞ்ஞானி, தக்காளி கிடைக்காத போர்க்காலத்தில் கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள், 1945-ல் மணிலாச் சண்டையில் இறந்துபோனவர். பிறந்தநாள் என்றால் இந்த ஸ்பகெட்டியோ பன்சிட் என்கிற நூடுல்ஸோ கட்டாயம். நீளமாக இருந்தால் ஆயுசு நீளும் என்று நம்பிக்கை, அதனால் பாத்திரம் சின்னது என்று இழையை உடைத்துப் போடாதீர்கள். நீங்கள் வெங்காயம், பூண்டு, லபுயோ மிளகாய் வதக்கி, அதே கெச்சப்பைப் பாதி, தக்காளி பாதி போட்டுக் கிளறிக்கொள்ளுங்கள். முதலில் முகம் சுளித்தேன், இப்போது என் பிள்ளைகளுக்கு வேறு மாதிரி செய்தால் இறங்காது.

சைவம் என்றால் இங்கே காய் போட்ட எதுவும் என்று அர்த்தம். வெள்ளிக்கிழமை மோங்கோ என்று பாசிப்பயறு வைப்பார்கள், முருங்கைக்கீரை மாதிரி பச்சையாகக் கீரை மிதக்கும், ஆசையாகப் போனால் அடியில் பன்றிக்கறி இருக்கும். பட்டிஸ், பகோங் இருக்கிறதா என்று பேர் சொல்லிக் கேளுங்கள், முன்னது மீன் சாறு, பின்னது இறால் அல்லது மீன் ஊறல். நம் ஆட்கள் சிலர் இந்த ஊர்ச் சாப்பாட்டையே ஏதோ தீட்டு மாதிரிப் பேசுவார்கள். அவர்கள் சகவாசம் வேண்டாம்.

தாளிப்பதை வீட்டுக்குள் செய்யாதீர்கள். பின்னால் டர்ட்டி கிச்சன் என்றே ஓர் அடுப்படி இருக்கும், மீன் பொரிப்பதெல்லாம் அங்கேதான். மிளகாய் வற்றலை உள்ளே பொரித்தீர்கள் என்றால் வீடே இருமும்.

புளி, தேங்காய், முருங்கைக்கீரை எல்லாம் சந்தையிலேயே கிடைக்கும். ஊரிலிருந்து பெருங்காயம், சாம்பார்ப்பொடி, தட்டைக் கம்பிப் பிளக்குக்கு அடாப்டர், இவ்வளவு போதும். 220 வோல்ட்தான், மிக்ஸி ஓடும். இட்லித் தட்டு மட்டும் தூக்கி வராதீர்கள், ஊருக்குப் போனவர்கள் விட்டுப்போனது என் வீட்டுப் பரணில் அடுக்கிக் கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வந்து ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள்.