வாசகர் கேள்வி பதில்: எதை விடப் போகிறீர்கள் என்று முடிவு செய்தீர்களா?

கேள்வி: வருடத்துக்கு ஒருமுறை உயர்மட்டக் குழுவில் இருக்கிற எல்லோரும் இரண்டு நாள் வெளியே போய்த் தங்கி, அடுத்த மூன்று வருடத்துக்கான உத்தியை வகுக்கிறோம். போன தடவை நூறு ஸ்லைடைத் தாண்டிவிட்டது. ஆனால் திரும்பி வந்த மறுவாரமே எல்லாம் பழையபடி ஓட ஆரம்பித்துவிடுகிறது. எங்கே தப்பு பண்ணுகிறோம்?
(ஓர் உற்பத்தி நிறுவனத்தின் நிதிப் பிரிவுத் தலைவர்)

பதில்: அந்த நூறு ஸ்லைடில் 'இதை இனிமேல் செய்ய மாட்டோம்' என்று ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருக்காது என்றுதான் நினைக்கிறேன். 'மூன்று வருடத்தில் விற்பனையை இரட்டிப்பாக்குவோம்' என்பது இலக்கு. 'தரத்தில் சமரசம் இல்லை' என்பது நல்ல எண்ணம். அதை அப்படியே திருப்பிப் போட்டுப் பாருங்கள்: 'தரத்தைப் பற்றிக் கவலைப்பட மாட்டோம்' என்று உங்கள் போட்டியாளர் யாராவது சொல்வாரா? மாட்டார். அப்படியென்றால் நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்கவே இல்லை, எல்லோரும் சொல்வதையே நீங்களும் சொல்லியிருக்கிறீர்கள். 'சில்லறை ஆர்டர் எடுக்க மாட்டோம், பெரிய ஆலைகளுக்கு மட்டும், அதுவும் சர்வீஸோடு சேர்த்துத்தான் விற்போம்' என்று எழுதியிருந்தால் அது வேறு. இதற்கு நேர்மாறாகச் செய்து நன்றாகச் சம்பாதிக்கிற கம்பெனியும் இருக்க முடியும், அதனால்தான் அது ஒரு முடிவு. எதைச் செய்யக்கூடாது என்று தீர்மானிப்பதுதான் உத்தியின் சாரம் என்று மைக்கேல் போர்ட்டர் 1996-லேயே ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதிவிட்டார், இன்னும் பெரும்பாலான குழுக்கள் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை.

ஸ்டீவ் ஜாப்ஸ் 1997-ல் ஆப்பிளுக்குத் திரும்பியபோது நிறுவனம் மூழ்கும் நிலையில் இருந்தது. யாருக்கு எந்த மாடல் என்று சொந்த ஊழியர்களுக்கே புரியாத அளவுக்கு மாடல்கள். அவர் போர்டில் ஒரு கட்டம் வரைந்து நான்காகப் பிரித்தார்: மேலே சாதாரணப் பயனாளர், தொழில்முறைப் பயனாளர் என்று இரண்டு, பக்கத்தில் மேஜைக் கணினி, கையில் எடுத்துப்போகும் கணினி என்று இரண்டு. கட்டத்துக்கு ஒரு தயாரிப்பு, அவ்வளவுதான். பிரின்டர்கள் போயின, நியூட்டன் என்ற கையடக்கக் கருவியும் போனது. அதையெல்லாம் உழைத்து உருவாக்கியவர்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள், அது லேசான காரியம் இல்லை.

அப்புறம் உங்கள் கையில் இருக்கிற விஷயம், பட்ஜெட். பெரும்பாலான இடங்களில் உத்திக்கு ஒரு மீட்டிங், பட்ஜெட்டுக்கு இன்னொரு மீட்டிங். பட்ஜெட் தாளில் எல்லாப் பிரிவுக்கும் போன வருடத் தொகை, கூடவே கொஞ்சம். யாருக்கும் மனவருத்தம் இல்லை, எதுவும் மாறவும் இல்லை. அடுத்த தடவை அந்த இரண்டாம் நாள் மாலை யாரும் பெட்டியைக் கட்டுவதற்கு முன்னால், வரும் மாதத்திலிருந்து எந்த வேலைக்குப் பணம் நிற்கிறது, உங்கள் கெட்டிக்கார ஆட்கள் எங்கிருந்து எங்கே மாறுகிறார்கள் என்று ஒரே ஒரு தாளில் எழுதி எல்லோரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். நிதித் தலைவர் கேட்டால் மறுக்க முடியாது.

கேள்வி: எங்கள் எம்.டி. ஒரு யோசனையைச் சொன்னதும் எல்லோரும் தலையாட்டிவிடுகிறார்கள். நானும்தான். வெளியே காரிடாரில் வந்ததும் 'இது தேறாது' என்று பேசிக்கொள்கிறோம். எப்படிச் சொல்வது?
(ஒரு மென்பொருள் நிறுவனத் துணைத் தலைவர், பெயர் வேண்டாம் என்கிறார்)

பதில்: காரிடாரில் பேசுவது உள்ளே வந்தாக வேண்டும், வேறு வழியே இல்லை. இதற்கு நான் எப்போதும் சொல்கிற உதாரணம் பிசினஸிலிருந்து வந்ததல்ல. 1961 ஏப்ரலில் அமெரிக்க அரசு கியூபாவின் பன்றிகள் வளைகுடாவில் ஒரு படையை இறக்கி, மூன்றே நாளில் படுதோல்வி கண்டது. அதிபர் கென்னடியின் ஆலோசகர் ஆர்தர் ஷ்லெசிஞ்சருக்கு அந்தத் திட்டத்தில் நம்பிக்கை இல்லை, தனியாகக் குறிப்பும் எழுதிக் கொடுத்திருந்தார், ஆனால் கூட்டத்தில் பேசாமல் இருந்துவிட்டார். பின்னால் அதற்காகத் தன்னையே கடிந்துகொண்டார். 1962 அக்டோபரில், கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது தெரிந்து நெருக்கடி வந்தபோது அறையில் இருந்த முக்கியமானவர்களில் பலர் அதே ஆட்கள். மாறியது பேசும் விதம். கென்னடி சில கூட்டங்களுக்கு வேண்டுமென்றே வரவில்லை. குழு இரண்டாகப் பிரிந்து, பிரிவுக்கு ஒரு திட்டம் எழுதி, பிறகு ஒரு பிரிவு எழுதியதில் இன்னொரு பிரிவு குறை கண்டது. ஆட்களை மாற்றாமலே முடிவின் தரத்தை மாற்ற முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

உங்கள் இடத்திலிருந்து செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கேரி கிளைன் என்ற உளவியலாளர் 2007-ல் எழுதிப் பிரபலமாக்கிய முறை. முடிவு எடுக்கப்போகிற நேரத்தில், 'சார், ஒரு பத்து நிமிஷம், ஒரு சின்னப் பயிற்சி பண்ணலாமா?' என்று கேளுங்கள். ஒரு வருடம் கழிந்துவிட்டது, இந்தத் திட்டம் படுத்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, ஏன் படுத்தது என்று ஒவ்வொருவரும் பேசாமல் தாளில் எழுத வேண்டும். பிறகு வரிசையாக ஆளுக்கு ஒரு காரணம் படிக்க வேண்டும். 'இது தப்பு சார்' என்று சொல்ல நாக்கு எழாதவர்கூட இதில் தாராளமாக எழுதுவார், ஏனென்றால் இப்போது அவர் எதிர்க்கவில்லை, கேட்டதற்குப் பதில் சொல்கிறார். எம்.டி.யும் ஒரு தாளில் எழுத வேண்டும், அது முக்கியம்.

கேள்வி: நான் எம்.டி. இருக்கையில் இருப்பவன். வாயைத் திறந்தால் விவாதம் நின்றுவிடுகிறது, திறக்காவிட்டால் முடிவே வருவதில்லை. என்னதான் செய்ய?

பதில்: கடைசியில் பேசுங்கள், ஆனால் கட்டாயம் பேசுங்கள். ஒரே யோசனையோடு யார் வந்தாலும், இன்னொரு வழியையும் எழுதிக்கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள். அமேசானில் 2004-லிருந்து மேல்மட்டக் கூட்டங்களில் ஸ்லைடு கிடையாது. ஆறு பக்கத்துக்குள் முழு வாக்கியங்களில் எழுதிய அறிக்கையை எல்லோரும் கூட்டத்தின் ஆரம்பத்தில் அங்கேயே அமைதியாகப் படிக்கிறார்கள். நன்றாகப் பேசுகிறவருக்கும் நன்றாக யோசிக்கிறவருக்கும் நடுவே இருக்கிற வித்தியாசம் அப்போது தெரிந்துவிடும். முடிவைச் சொல்லும்போது யாருடைய வாதத்தை ஏற்கவில்லை, ஏன் என்பதையும் அவர் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். அடுத்த தடவையும் அவர் பேச வேண்டுமே.

கேள்வி: எங்கள் நிறுவனத்தை வளர்த்த தயாரிப்பே இன்று நஷ்டத்தில் ஓடுகிறது. அதை நிறுத்துவது பற்றிப் பேச யாருக்கும் மனமில்லை, எனக்கும்தான்.

பதில்: உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. இன்டெல் முதலில் மெமரி சிப் கம்பெனிதான். 1980-களில் ஜப்பானிய நிறுவனங்கள் தரத்திலும் விலையிலும் அடித்துக்கொண்டு போனபோது, கிட்டத்தட்ட ஒரு வருடம் இன்டெல் முடிவெடுக்க முடியாமல் திணறியது. 1985-ல் இன்டெல் பிரசிடென்ட் ஆண்டி குரோவ், சி.இ.ஓ. கார்டன் மூரிடம் கேட்ட கேள்வி இது: 'போர்டு நம்மை வெளியே அனுப்பிவிட்டுப் புதிதாக ஒருவரைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார்?' மெமரியை விட்டு வெளியேறுவார் என்று மூர் தயங்காமல் சொன்னார். அப்படியானால் நாமே வெளியே போய்த் திரும்பி வந்து அதைச் செய்தால் என்ன என்றார் குரோவ்.

இந்தக் கதையில் பலரும் விட்டுவிடுகிற பகுதி ஒன்று உண்டு. மேலே இவர்கள் தவித்துக்கொண்டிருந்தபோதே, கீழே உற்பத்தித் திட்டமிடுபவர்களும் நிதிக்காரர்களும் மாதாமாதம் உட்கார்ந்து, எந்த சிப்பில் லாபம் அதிகமோ அதற்குத் தொழிற்சாலைத் திறனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். யாரும் 'உத்தி' என்று பேசவில்லை, கணக்கைப் பார்த்தார்கள், அப்படித்தான் கணினியை இயக்கும் சிப்பான மைக்ரோபிராசசர் வளர்ந்தது. எனவே உங்கள் குழுவோடு இன்னொரு மீட்டிங் போடுவதற்கு முன்னால், ஆலையில் ஷெட்யூல் போடுகிறவரையும், களத்தில் ஆர்டர் எடுக்கிறவரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். உங்கள் கேள்விக்கான விடை அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கலாம். வலி இருக்காது என்று மட்டும் நினைக்காதீர்கள். இன்டெல்லுக்கு 1986 நஷ்ட வருடம், ஆட்குறைப்பும் நடந்தது.

கேள்வி: போட்டி நிறுவனம் ஏதாவது புதிதாகச் செய்தால் உடனே நம் உத்தியை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். உங்கள் உத்தி பலிக்க எவையெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும் என்று நான்கைந்து வரி எழுதி வையுங்கள்: மூலப்பொருள் இந்த விலைக்குள் கிடைக்கும், வாடிக்கையாளர் சர்வீஸுக்குத் தனியாகப் பணம் தருவார், இந்த மாதிரி. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அதைக் கவனிக்க வேண்டியவர் பெயர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தத் தாளை மட்டும் பாருங்கள். போட்டியாளர் செய்தது அதில் ஒரு வரியை உடைக்கிறதென்றால் குழுவைக் கூட்டுங்கள், இல்லையென்றால் உங்கள் வேலையைப் பாருங்கள்.