நின்றால் போய்விடும் இடுப்பு வலி

கேள்வி: வயது 61. 200 அடி நடந்தாலே வலது பிட்டமும் தொடையும் பிடித்து இழுக்கின்றன. நின்றால் இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. எம்.ஆர்.ஐ.யில் டிஸ்க் தேய்மானம் என்றார்கள். ஃபிசியோதெரபி செய்தும் பலனில்லை.

பதில்: அறுபதைத் தாண்டிய முதுகை எம்.ஆர்.ஐ. எடுத்தால் பெரும்பாலும் ஏதாவது தேய்மானம் தெரியத்தான் செய்யும். என் கவனம் போவது, நீங்கள் எழுதிய 'நின்றால்' என்ற சொல்லின் மேல். முதுகுத்தண்டில் நரம்பு நசுங்குகிறவர்களுக்குச் சும்மா நின்றால் வலி போகாது. உட்கார வேண்டும் அல்லது குனிய வேண்டும். ரத்தக்குழாய் அடைப்பு வலிக்கு நின்றாலே போதும். இடுப்புக்கூட்டில் ஓடும் இலியாக் தமனி அடைத்தால் வலி பிட்டத்திலும் தொடையிலும் வரும். இரண்டு கவட்டியிலும் நாடி பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலைதான், ஆனால் பேன்ட்டைத் தளர்த்த வேண்டும் என்பதாலோ என்னவோ, பல இடங்களில் விட்டுப்போகிறது. கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு இருக்கிறது என்று கொள்ளலாம். ஓய்வில் சரியாக இருந்தால், நடக்கவைத்து மறுபடி அளக்க வேண்டும்.

கேள்வி: இதற்கு வயிற்றைத் திறக்க வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் வேண்டாம். கவட்டியில் மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய கம்பியை அடைப்புக்குள் நுழைத்து, பலூனால் விரித்து, ஸ்டென்ட் என்ற வலைக்குழலை வைப்பார்கள். 1964-இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் டாக்டர் சார்லஸ் டாட்டர் 82 வயதுப் பாட்டியின் தொடைத் தமனியை இப்படித்தான் உள்ளிருந்தே திறந்தார். அப்போது பலூன்கூட இல்லை. இலியாக் அகலமான குழாய், அதனால் ஸ்டென்ட் நன்றாக நிலைக்கும். முழங்காலுக்குக் கீழே அந்தத் தைரியத்தோடு சொல்ல மாட்டேன். பலூன் விரியும்போது லேசாக வலிக்கலாம். கடுமையாக வலித்தால் பொறுத்துக்கொள்ளாமல் சொல்லிவிடுங்கள். குழாய் கிழியப் போவதற்கான எச்சரிக்கையாக இருக்கலாம்.

கேள்வி: சர்க்கரை உண்டு, சிறுநீரகத்துக்காகப் பார்க்கும் கிரியாட்டினினும் கூடுதல். ரத்தக்குழாய் எக்ஸ்-ரேயில் தெரிவதற்கான சாயம் ஏற்றலாமா?

பதில்: முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சாயத்தைக் குறைக்கலாம், சில இடங்களில் பதிலுக்குக் கார்பன் டை ஆக்சைடு செலுத்துகிறார்கள். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை நிறுத்துவதா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

கேள்வி: ஸ்டென்ட் வைத்தாயிற்று. ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு பீடி பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று எந்த டாக்டரும் சொல்ல மாட்டார். ஆஸ்பிரினையும் கொழுப்பு மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அப்புறம், கால் திடீரென்று சில்லிட்டு, வெளுத்து, மரத்துப்போனால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றிரவே போங்கள்.